ஒரு வருடம் எழுதிய ஜெப டைரி: இரவுப் பக்கத்துக்காக வாங்கலாம்

ஜெப டைரி வாங்குவது எனக்குப் புதிதில்லை. இதற்கு முன் மூன்று முறை வாங்கி மூன்று முறையும் பிப்ரவரியைத் தாண்டியதில்லை, நான்காவதைத்தான் டிசம்பர் வரை கொண்டுவந்தேன், அதுவும் நடுவில் ஒரு பெரிய ஓட்டையோடு. எந்த டைரி என்று பெயர் சொல்லவில்லை. இந்த வகை டைரிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வார்ப்பில்தான் வருகின்றன, நான் சொல்லப்போகிற குறையும் நிறையும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளுக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் காலைக்கு: மேலே ஒரு வசனம், அதற்குக் கீழே நன்றி சொல்ல எண் போட்ட மூன்று கோடுகள், அப்புறம் விண்ணப்பங்கள், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பக்கத்தில் 'பதில் கிடைத்த தேதி' என்று ஒரு குட்டிக் கட்டம். வலது பக்கம் இரவுக்கு: நான்கு கேள்விகளும் நிறைய வெற்றிடமும். வாரம் ஒருமுறை வேதபகுதி ஒன்றை நிதானமாக வாசிக்க ஒரு பக்கம். மாதக் கடைசியில் உபவாச அட்டவணை, அதில் டிக் போடலாம். உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவிக்கொள், வெளியே தெரிய வேண்டாம் என்று சொன்ன இயேசு இந்த அட்டவணையைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ. நான் அதைத் தொடவே இல்லை.

அட்டையில் தங்க எழுத்தில் பிலிப்பியர் 4:13. என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு. பரீட்சைக்குப் போகிற பிள்ளையிலிருந்து ஓட்டப்பந்தய வீரர் வரை எல்லாரும் கையில் எடுத்துக்கொள்கிற வசனம். ஆனால் பவுல் இதை எழுதியது காவலில் இருந்தபோது, பிலிப்பி சபையார் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்கிற இடத்தில். இரண்டு வசனம் பின்னால் போனால் எந்த நிலைமையிலிருந்தாலும் 'மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்' என்கிறார். அந்த இடத்தில் கிரேக்கத்தில் வருகிற சொல் 'அவுதார்கேஸ்', தனக்குத் தானே போதுமானவன் என்ற பொருளில் ஸ்தோயிக்கர் என்ற பழைய கிரேக்க ஞானிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சொல். அதை அவர்களிடமிருந்து எடுத்து, என் போதுமான தன்மை என்னிடத்தில் இல்லை, கிறிஸ்துவிடத்தில் இருக்கிறது என்று பவுல் திருப்பிவிடுகிறார். ஆக 13-ம் வசனத்தின் 'எல்லாவற்றையும்' என்பதில் பட்டினியாயிருப்பதும் சேர்த்தி. 11-ஐ விட்டுவிட்டு 13-ஐ மட்டும் அட்டையில் அடித்தால் அது வேறு டைரி ஆகிவிடுகிறது, ஜெயிக்கிறவனுடைய டைரி. உள்ளேயும் அந்த வாடை கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது.

நன்றிக் கோடுகள். முதல் வாரம் குடும்பம், சுகம், வேலை, வீடு என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாரும் வந்து போனார்கள். மூன்றாவது வாரத்தில் சரக்கு தீர்ந்தது. முதல் இரண்டு கோடும் எப்படியோ நிரம்பிவிடும், மூன்றாவதுதான் வேலை வாங்கும், 'எதிர்வீட்டு நாய் ராத்திரி குரைக்கவில்லை' என்று ஒருநாள் எழுதினேன், எழுதிவிட்டுச் சிரித்தேன், ஆனால் யோசித்தால் அந்த மாதத்திலேயே உண்மையான நன்றி அதுதான். மற்றதெல்லாம் சொல்ல வேண்டுமே என்று சொன்னது. ஒரு சனிக்கிழமை விட்டுப்போன ஐந்து நாளையும் சேர்த்து ஒரே மூச்சில் நிரப்பினேன், கூடவே அடுத்த இரண்டு நாளுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்தேன். யாத்திராகமம் 16-ல், வனாந்தரத்தில் தேவன் அன்றாடம் கொடுத்த மன்னா என்ற உணவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியும்தானே, புழு பிடித்து நாறிப்போனது. என் ஐந்து நாள் நன்றியும் அப்படித்தான் இருக்கிறது, இப்போது திருப்பிப் பார்த்தால் எவனோ எழுதியது மாதிரி. அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு: அதிகமாய்ச் சேர்த்தவனுக்கு மீதி இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. மூன்று கோடு என்று கணக்குப் போட்டவர்கள் அதை வாசித்திருக்கலாம். ஒரு கோடு போதும்.

வாராந்தர வாசிப்புப் பக்கம் நல்ல யோசனை, அமைத்த விதம்தான் சொதப்பல். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் கியூகோ என்ற கார்த்தூசியத் துறவி இதை நான்கு படி ஏணியாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், அப்புறம் பேச்சடங்கித் தேவனுக்கு முன் சும்மா இருப்பது. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, ஜெபம் ருசியை எடுக்கிறது, கடைசிப் படி அந்த இனிமையே என்பது அவர் சொன்ன உவமை. டைரியில் நான்கு படிக்கும் நான்கு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து கோடு. வார்த்தை நின்றுபோகிற படிக்கும் ஐந்து கோடு போட்டு எழுதச் சொல்கிறார்கள்! சும்மா இருந்துவிட்டு, எப்படிச் சும்மா இருந்தேன் என்று அறிக்கை கொடுக்க வேண்டுமாம். அந்தப் பெட்டி வருடம் முழுக்கக் காலி. அந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்ததே அந்தக் காலிப் பெட்டிதான்.

ஏப்ரலில் ஓட்டை விழுந்தது. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. உட்கார்ந்தால் வேறு எங்காவது போக வேண்டும் போலிருக்கும், வேறு சபை, வேறு டைரி, வேறு வேலை, எதுவானாலும் சரி இது வேண்டாம். 4-ம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதைப் பற்றி எழுதியிருப்பதை அந்த நாட்களில்தான் பார்த்தேன். நடுப்பகல் பேய் என்கிறார். அது வந்தால் துறவிக்குச் சூரியன் நகராதது போலிருக்கும், நாளே ஐம்பது மணிநேரம் போலத் தோன்றும், அறையை விட்டு வெளியே வந்து சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அண்ணாந்து பார்ப்பான், தான் இருக்கிற இடமும் செய்கிற வேலையும் வெறுத்துப்போகும், இன்னொரு இடத்தில் எல்லாம் சுலபமாக இருக்கும் என்று தோன்றும். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. அவர் சொல்கிற மருந்தும் பெரிசாக ஒன்றுமில்லை: அறையை விட்டு ஓடாதே, இரு. தேதி அச்சடித்த டைரியில் இதுதான் தொல்லை, ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் நாற்பது வெற்றுத் தேதிகள் வரிசையாக நின்று உன்னைப் பார்க்கின்றன. தேதி போடாத பதிப்பு கிடைத்தால் அதை வாங்குங்கள்.

இப்போது இரவுப் பக்கம். டைரிக்குக் கொடுத்த காசு இதற்கே சரியாகப் போயிற்று.

நான்கு கேள்விகள்: இன்று எதற்கு நன்றி, எப்போது மனம் விரிந்தது, எப்போது சுருங்கியது, நாளைக்கு என்ன. இது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை என்பது டைரியில் எங்கேயும் இல்லை, எனக்கே பிறகுதான் தெரிந்தது. 1548-ல் மூன்றாம் பவுல் பாப்பரசர் ஒப்புதல் கொடுத்த அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் இது ஐந்து படி. டைரிக்காரர்கள் நாளைத் திரும்பிப் பார்க்கிற படியை விரிந்தது, சுருங்கியது என்று இரண்டு கேள்வியாக்கி, வேறு இரண்டைக் கழற்றிவிட்டார்கள்: தொடங்கும்போது வெளிச்சம் கேட்பது, முடிக்கும் முன் மன்னிப்புக் கேட்பது. இரண்டும் இல்லாமல் ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன், ஒன்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன், இல்லையென்றால் முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். மே மாதத்திலிருந்து பக்கத்தின் மேலே 'வெளிச்சம்' என்றும் கீழே 'மன்னியும்' என்றும் நானே பென்சிலால் எழுதிவைத்தேன், சரியாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால் எண்ணுவது இஞ்ஞாசியாருக்கும் அந்நியமில்லை. ஒரு குறிப்பிட்ட குற்றத்தை விட நினைக்கிறவனுக்கு ஏழு நாளுக்குக் கோடு போட்டு, ஒவ்வொரு சறுக்கலுக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறார். அவர் எண்ணியது சறுக்கல்களை, டைரி எண்ணச் சொல்வது கிடைத்தவற்றை. வித்தியாசம் உண்டு.

என் விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் ஒரு பதவி எனக்கு வரவேண்டும் என்று ஜனவரியிலிருந்தே விண்ணப்பம். எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. அடுத்த வாய்ப்புக்காவது என்று தொடர்ந்து எழுதினேன், பக்கத்திலிருந்த தேதிக் கட்டம் வாராவாரம் காலி. கட்டத்தைப் பார்க்கப் பார்க்க, கிடைக்காததை விடக் கட்டம்தான் அதிகமாக உறுத்தியது. சங்கீதங்களில் புலம்பல் எத்தனை இருக்கிறது, 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆனால் இந்த டைரியில் ஆண்டவரிடம் முறையிட ஒரு கோடு கிடையாது. கேள், வாங்கு, தேதி போடு.

ஆனால் வலது பக்கம் வேறு ஒன்றைக் காட்டியது. ஜூனில் ஒருநாள் பழைய இரவுப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'சுருங்கியது' என்ற இடத்தில் எழுதியிருந்ததில் பாதிக்கு மேல் இரவு ஒன்பதை ஒட்டி நடந்தவை, எல்லாம் போனில் யாரோ ஒருவருடைய செய்தியைப் பார்த்த பிறகு. அலுவலகத்தில், அந்தப் பதவிக்காரருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த எட்டு மணிநேரத்தில் சுருங்கியதாக இரண்டே இரண்டு தடவைதான் எழுதியிருக்கிறேன். இஞ்ஞாசியார் 1521-ல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டில் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்தபோது கவனித்தது இதைத்தான். வீரதீரக் கனவு காணும்போது இனிக்கும், நின்றதும் மனம் வறண்டுவிடும். புனிதர்களைப் போல வாழ்வதைப் பற்றி நினைத்தால் நினைப்பு போன பிறகும் நிறைவு தங்கும். நானும் அந்தப் பதவி கிடைத்த மாதிரி ராத்திரியில் கற்பனை பண்ணுகிறவன்தான், நாற்காலி, கையெழுத்து, யார் யார் வாழ்த்துச் சொல்வார்கள் என்பது வரைக்கும். பண்ணும்போது நன்றாகத்தான் இருக்கும். முடிந்ததும் வாயில் என்ன மிஞ்சுகிறது என்பதை அன்றுதான் முதன்முதலாக எழுதினேன்.

அதற்குப் பிறகு அந்த விண்ணப்பத்தின் வாசகம் தானாக மாறியிருக்கிறது. ஜனவரியில் 'கிடைக்க வேண்டும்'. ஜூலையில் 'கிடைத்தால் நல்லது'. செப்டம்பர் 2-ம் வாரத்துக்குப் பிறகு அதைக் காணவில்லை. நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்த ஞாபகம் இல்லை, மறந்தே போயிருக்கிறேன். இதற்குப் பதில் கிடைத்த தேதி என்று எதைப் போடுவது? கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பதவி ஆசை முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன், போன வாரம்கூட ஒருமுறை அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டுத்தான் தூங்கினேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், இரவுப் பக்கம் மட்டும் தனியாக வந்தால் ஐந்து. ஏற்கெனவே மனதுக்குள் வரவு செலவு எழுதுகிற ஆளாக இருந்தால் இடது பக்கத்தை ஸ்டேப்ளர் போட்டு மூடிவிட்டு ஆரம்பியுங்கள். எழுநூறு பக்கத்துக்கு மேல் என்பதால் விரித்து வைத்தால் நிற்காது, ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் எழுத வேண்டும், படுக்கையில் கஷ்டம். தாளும் மெல்லிசு. ஜெல் பேனா வேண்டாம், காலையில் எழுதியது இரவுப் பக்கத்துக்கு ஊறி வந்துவிடுகிறது.