ஆறு வருஷமா ஓட்டுற பில்லிங் சாப்ட்வேர்: சிமெண்ட் வரி குறைஞ்சதும் பழைய பில்லும் சேர்ந்து குறைஞ்சிடுச்சு

திண்டுக்கல் பக்கம் புதுசா ஹார்டுவேர் கடை போடுற நண்பர் ஒருத்தர் போன வாரம் கேட்டாரு, "அண்ணே, நீங்க வச்சிருக்கற சாப்ட்வேரையே நானும் வாங்கிடவா?"ன்னு. போன்ல சட்டுனு பதில் சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன். சாப்ட்வேர் பேர் போடல, நாலஞ்சு பசங்க சேர்ந்து நடத்துற சின்ன கம்பெனி செஞ்சது. என் கடைல 2019லருந்து இதத்தான் ஓட்டுறேன். பார்கோடு, வாட்ஸப் பில், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் இப்ப எல்லார்கிட்டயும் இருக்கு, அத விட்டுடுவோம்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். கணக்கெல்லாம் சேத்து வைக்க உள்ள இருக்கறது போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போய் ரெண்டு மாசம் அப்படியே ஓட்டுனேன், பில் சேவ் ஆகற நேரத்துல கரண்ட் போய் கம்ப்யூட்டர் பொட்டுனு அணைஞ்சிருக்கு, ஆனா ஒரு தடவகூட பில் ஏறி ஸ்டாக் குறையாம நின்னதில்ல, ஸ்டாக் குறைஞ்சு பில் காணாம போனதும் இல்ல. பில்லு, ஸ்டாக்கு, பாக்கி மூணையும் ஒரே டிரான்சாக்ஷனா கட்டி வச்சிருக்காங்க, நடந்தா மூணும் நடக்கும் இல்லன்னா மூணும் நடக்காது. மாத்தற எல்லாத்தையும் முதல்ல லாக்னு ஒரு பதிவேட்டுல வரிசையா எழுதிட்டு அப்புறம்தான் "சேவ் ஆச்சு"ன்னு சொல்லும், திரும்ப ஆன் பண்ணும்போது அந்த லாக்க படிச்சு முழுசா முடிஞ்சத எடுத்துக்கிட்டு அரைகுறைய தள்ளிடும். நோட்டுல கணக்கு எழுதி ராத்திரி பத்து மணி வரைக்கும் மூட்டைய எண்ணுன ஆளு நான், இதோட அருமை எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, ஒரு கஸ்டமரோட விவரம் ஒரே ஒரு எடத்துலதான் இருக்கும். போன் நம்பர் மாறுனா ஒரு எடத்துல மாத்துனா போதும், எல்லா எடத்துலயும் புதுசு வந்துடும். 1970ல ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் சொன்ன ரிலேஷனல் மாடல், அதாவது விவரத்த தனித்தனி டேபிளா (அட்டவணையா) பிரிச்சு ஒண்ணோட ஒண்ணு இணைக்கற முறைதான் இதுக்கெல்லாம் ஆரம்பம், ஒரே விஷயத்த நாலு எடத்துல எழுதி வச்சா நாலும் ஒருநாள் வேற வேறயா நிக்கும், அதனால ஒரே எடத்துல வை, மத்ததெல்லாம் அதை கை காட்டட்டும்.

வினையே இங்கதான் வந்துச்சு.

2025 செப்டம்பர் 22லருந்து சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆச்சு. முந்தின நாள் ராத்திரி ஐட்டம் மாஸ்டர்ல, அதாவது ஒவ்வொரு சரக்கோட விலையும் வரியும் வச்சிருக்கற லிஸ்ட்ல, ஒரே எடத்துல மாத்துனேன், காலைல பில்லு சரியா வந்துச்சு, எவ்வளவு சுலபமா போச்சுன்னு சந்தோஷப்பட்டேன். அக்டோபர்ல ஒரு கான்ட்ராக்டர், பன்னெண்டு வருஷப் பழக்கம், ஆகஸ்ட்ல எடுத்த 200 மூட்டைக்கு பில் காப்பி கேட்டாரு. மூட்டை 300, மொத்தம் 60,000, வரி 16,800, அவர் கட்டுனது 76,800. பிரிண்டர்ல வந்த காப்பி 70,800ன்னு வந்துச்சு. அவர் பாத்துட்டு, "மிச்சம் 6,000 எங்கண்ணே?"ன்னாரு. அந்தக் கேள்வி இன்னும் எனக்கு மறக்கல. ஆகஸ்ட் விற்பனைக் கணக்கு காட்டற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் அப்பவே 28ன்னு போயிடுச்சு, அவரோட ஆடிட்டரும் அதத்தான் எடுத்திருக்காரு, என் கடை சீல் வச்ச பேப்பர் மட்டும் 18ங்குது.

என்னன்னா, பில்லெல்லாம் சேத்து வைக்கற டேபிள்ல ஐட்டம் நம்பர், எத்தன மூட்டை, என்ன விலைங்கறது மட்டும்தான் இருக்கு, வரி சதவீதம் இல்ல. பிரிண்ட் போடும்போது ஐட்டம் மாஸ்டர்ல போய் இன்னிக்கு என்ன வரியோ அத எடுத்துட்டு வருது. ஒரே விஷயத்த ரெண்டு தடவ எழுதக்கூடாதுன்னு நெனச்சிருக்காங்க. ஆனா அது ஒரே விஷயம் இல்லீங்க. "சிமெண்டுக்கு இப்ப என்ன வரி"ங்கறது ஒண்ணு, "அன்னிக்கு இந்த பில்லுல என்ன வரி வாங்குனேன்"ங்கறது வேற. முதல்லது மாறலாம், ரெண்டாவது எந்தக் காலத்துலயும் மாறக்கூடாது. கார்பன் வச்ச பில் புக்குல எழுதுனப்போ இந்தப் பிரச்சனையே கிடையாது.

சப்போர்ட்டுக்கு போன் பண்ணுனா, "சார், பழைய ஐட்டத்த திரும்ப 28 ஆக்கிட்டு, சிமெண்ட் 18னு புதுசா ஒரு ஐட்டம் போட்டுக்கங்க"ன்னு சொல்றாங்க. அப்ப செப்டம்பர் 22லருந்து இன்னிக்கு வரைக்கும் போட்ட பில்லெல்லாம் 28 ஆயிடுமேன்னு நான் சொன்னப்புறம்தான் அந்தப் பையனுக்கே விளங்குச்சு. இருந்தும் வேற வழியில்லாம அதையே செஞ்சோம், அந்த நடு நாள் பில்ல எல்லாம் ஒவ்வொண்ணா புது ஐட்டத்துக்கு மாத்துனோம், ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு.

மூணு மாசம் கழிச்சு அப்டேட் வந்துச்சு, பில் டேபிள்லயே வரிக்குன்னு ஒரு தனி கட்டம் சேத்துட்டாங்க. இப்ப சரியா இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா "சிமெண்ட்", "சிமெண்ட் 18"னு ரெண்டு ஐட்டம் அப்படியே நிக்குது. பழசுக்கு பின்னாடி ஆயிரக்கணக்கான பில் தொங்குது, டேட்டாபேஸ் அழிக்க விடாது, விடக்கூடாது, அது சரிதான். கவுண்டர்ல பையன் வாரத்துக்கு ரெண்டு தடவ தப்பா பழச எடுத்துடறான், ஸ்டாக் மைனஸ்ல போகுது, சாயங்காலம் உக்காந்து நான் திருத்தறேன். ரெண்டையும் ஒண்ணா சேக்க ஒரு வழி குடுங்கன்னு நாலு தடவ கேட்டாச்சு.

தம்பி, நான் இந்த மாசம் ரினியூ பண்ணிட்டேன், கரண்ட் போனா பயமில்லாம இருக்கற நிம்மதி எனக்கு வேணும். நீங்க வாங்காதீங்க. வேற எதப் பாத்தாலும், டெமோ காட்ட வர்றவர் முன்னாடியே ஒரு பில் போடுங்க, மாஸ்டர்ல வரியும் விலையும் மாத்துங்க, முதல்ல போட்ட பில்ல திரும்ப பிரிண்ட் எடுங்க. ஒரு ரூபா மாறி வந்தாலும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க.