அண்ணனின் படகும் அவசரப் பட்டறையும்

பட்டறை அனுப்பிய மதிப்பீட்டுச் சீட்டில் கழுவும் வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. படகைக் கரையேற்றுவது, பழைய சாயத்தைச் சுரண்டுவது, கொப்புளங்களைத் திறப்பது, வெப்ப விளக்கு வைத்து உலர்த்துவது, எபோக்ஸி என்னும் நீர்த்தடுப்புப் பிசினைப் பூசுவது, மறுபடி நீரில் இறக்குவது என அத்தனையும் ஒரே வாரத்துக்குள் அடக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே இத்தனை வெள்ளி என்று அழகாக அச்சிடப்பட்டிருந்தது. விமான நிலையம், குடிநுழைவு, வாடகை வாகனம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சொந்த ஊரான சிங்கப்பூருக்கு வந்த இந்த விடுமுறையின் பெரும்பகுதி, விடுபட்டிருந்த அந்த ஒரு வரிக்காக வாதாடுவதிலேயே கழிந்தது.

படகு என் அண்ணனுடையது. 1980களில் கட்டப்பட்ட ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு. ஆண்டு முழுவதும் நீரிலேயே நிற்பது. சிப்பிகளையும் பாசியையும் நீக்கிச் சாயத்தைச் சுரண்டியதும், நீர்க்கோட்டுக்குக் கீழே இரு பக்கமும் கொப்புளங்கள் தெரிந்தன. ஒன்றைத் திறந்தபோது உள்ளிருந்த திரவம் அழுத்தத்தோடு பீறிட்டது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பது இதனால்தான். காடியின் நெடி அடித்தது. கையுறை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் வெல்லப்பாகு போல ஒட்டியது.

அந்த ஒட்டும் தன்மையில்தான் நோயின் மூலம் இருக்கிறது. ஃபைபர் படகின் வெளிப்புறப் பிசின் பூச்சான ஜெல்கோட் பளபளப்பாக இருப்பதால் நீர் புகாதது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் நீர் மூலக்கூறுகள் அதனூடே மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். அக்காலப் படகுகள் பலவற்றில் பயன்பட்ட சாதாரணப் பாலியெஸ்டர் பிசினில், கட்டும்போது வினைபுரியாமல் தங்கிவிட்ட கிளைக்கால் (glycol) என்னும் பாகு போன்ற வேதிப்பொருளும் அதையொத்த பொருள்களும் உண்டு. அவை நீரில் கரைகின்றன. நீர் பிசினையும் சிறிது சிறிதாகச் சிதைத்து அமிலத்தை உண்டாக்குகிறது. உள்ளே கரைசல் அடர, வெளியிலிருந்து மேலும் நீர் இழுக்கப்பட, சவ்வூடு பரவலின் அழுத்தம் ஜெல்கோட்டை மேலே தள்ளுகிறது. வெப்பம் ஏற ஏற இந்த வினைகள் விரைவுபடும். சிங்கப்பூர்க் கடல் ஆண்டு முழுவதும் 28 முதல் 30 பாகைச் செல்சியஸ் வரை இருக்கிறது. நான் இப்போது படகோட்டும், பெர்த்தை ஒட்டிய ஃபிரிமாண்டல் பக்கத்துக் கடல் கோடையிலும் அந்த வெப்பத்தைத் தொடுவது அரிது. ஒரே வயதுடைய இரு படகுகளில் இங்குள்ளது முந்திக்கொள்வதில் வியப்பில்லை.

கரைந்து தங்கியிருக்கும் அந்தப் பொருள்கள் எத்தனை விளக்கு வைத்தாலும் ஆவியாகிப் போவதில்லை. அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையவை. எனவே கொப்புளங்களைத் திறந்தபின் நல்ல தண்ணீரால், முடிந்தால் சூடான தண்ணீரால், அழுத்தம் கொடுத்துத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். உப்பும் அமிலமும் கிளைக்காலும் வெளியேறிய பிறகுதான் உலர்த்துவதற்குப் பொருள் உண்டு. கழுவாமல் உலர்த்தி எபோக்ஸியால் மூடினால், நோயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதாகும். பட்டறை அலுவலகத்தில் இருந்த இளம்பெண்ணிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், சிஸ்டத்துல அந்த ஐட்டம் இல்லையே" என்றாள். மேலாளரைப் பார்க்க வேண்டுமென்றால் செயலியில் நேரம் பதிய வேண்டுமாம். மேலாளரோ கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கைகொடுத்தவர் படகுக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்த நாகப்பட்டினத்து இளைஞர். சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையோரத்தில் ஃபைபர் படகுகள் பெருகியபோது, அவற்றைப் பழுது பார்த்தே தொழில் கற்றவர். கேட்காமலேயே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் படகின் மேல் ஒட்டி வைத்தார். வெயில் பட்டதும் தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து நின்றன. "அண்ணே, இது உள்ளேருந்து வர்ற தண்ணி. இன்னைக்குப் பூசினா ஒட்டாது" என்றார். ஊரில் இந்தத் தொல்லையை அதிகம் பார்த்ததில்லை என்றும் சொன்னார்: மீன்பிடித்துத் திரும்பிய படகை அங்கே மணலில் ஏற்றிவிடுகிறார்கள், அது அன்றாடம் காய்ந்துவிடுகிறது. எந்நேரமும் நீரில் ஊறிக் கிடக்கும் உல்லாசப் படகுகளுக்கே இது பெரும்பாலும் வருகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. அந்தப் பிளாஸ்டிக் தாளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பிய பிறகே மேலாளர் இறங்கி வந்தார். கழுவும் வேலை 'இதர பணி' என்ற பெயரில் சீட்டில் ஏறியது.

பொங்கோல் கடலோரத்தில் படகுகளை இழுத்துப் போட்டு வைத்திருந்த காலம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். சொந்தக்காரரே அரைக்காற்சட்டையோடு அடியில் படுத்துச் சுரண்டுவார். படகு எத்தனை நாள் கிடந்தாலும் கேட்பாரில்லை. அது முழுக்கப் பொற்காலமும் அன்று. சுரண்டிய சாயம் அப்படியே கடலுக்குப் போனது. சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்க அந்நாளைய சாயங்களில் கலந்த நச்சுக் கரிம வெள்ளீயச் சேர்மங்கள் 2008 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. கழிவுத் தூளைச் சேகரிக்கும் இன்றைய ஒழுங்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று எல்லாரிடமும் இருந்த காலம் இன்று நாள்வாடகையாக விற்கப்படுகிறது. ஃபிரிமாண்டலில் கோடைக் காலையில் நிலப்பரப்பிலிருந்து வரும் வறண்ட கீழைக்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். அங்கும் வாடகை உண்டென்றாலும், படகு காய்வதற்கு மாதக்கணக்கில் நிற்கும் என்பதை யாரும் விந்தையாகப் பார்ப்பதில்லை.

இங்கே காற்றின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் அது நூறை நெருங்கும்போது படகே வியர்த்து நிற்கிறது. கூடாரம் கட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தால்தான் ஏதாவது நடக்கும். அதற்கும் ஒரு படிவம், இடத்தை நீட்டிப்பதற்கு இன்னொரு படிவம், இரண்டும் மின்னிலக்க முறையில். ஈரமானியின் எண்ணைக் காட்டி "போதும், போதும்" என்று நாளும் நச்சரித்தார்கள். அந்தக் கருவி காட்டுவது உண்மையான ஈரச் சதவீதம் அன்று, ஒப்பீட்டு அளவுதான். நீர்க்கோட்டுக்கு மேலே உலர்ந்திருக்கும் பக்கத்தின் அளவோடு வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். செம்பு கலந்த சாயம் சிறிது ஒட்டியிருந்தாலும் எண் பொய் சொல்லும். கூடாரச் செலவைப் பார்த்து அண்ணனே ஒரு கட்டத்தில், இந்தக் கொப்புளங்களால் படகு மூழ்கியா போகும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சிறு கொப்புளங்களால் படகின் வலு குறைவது அரிது; எங்களுடையவை கண்ணாடி இழைப் படலம் வரை இறங்கியிருந்ததால்தான் நான் விடவில்லை.

எண் இறங்கியபின் வேலை ஒழுங்காக நடந்தது. பள்ளங்களை எபோக்ஸிக் களிம்பால் நிரப்பி, மேலே தடுப்புப் பூச்சு பல படலங்களாக ஏறியது. காய்ந்தபின் மொத்தத் தடிப்பு 250 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. ஒரு படலம் வெள்ளை, அடுத்தது சாம்பல் என்று மாற்றிப் பூசியதால் விடுபட்ட இடம் உடனே கண்ணில் பட்டது. ஈரக் காற்றில் எபோக்ஸியின் மேல் மெழுகு போன்ற ஒரு படிவு படரும். அதைத் தேய்க்கும் நாரும் வெறும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். இதை நாகப்பட்டினத்து இளைஞருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுக்கான்தான் மிச்சம். இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கிடையே நுரை அடைத்துச் செய்த அதனுள், எஃகுத் தண்டு நுழையும் இடம் வழியாக நீர் இறங்கியிருக்கிறது. அடியில் துளையிட்டபோது பழுப்பு நிறத்தில் ஒழுகியது நின்றபாடில்லை. கழற்றி வீட்டில் காயவைக்கலாம் என்றால், அடுக்குமாடித் தாழ்வாரத்தில் அத்தனை பெரிய பொருளை வைத்த மறுநாளே நகர மன்றத்தின் அறிவிப்பு வரும் என்றார் அண்ணி. துளையைத் தற்காலிகமாக அடைத்துப் படகை இறக்கிவிட்டோம். சுக்கானை மட்டும் தனியே பிரித்துச் செய்ய மதிப்பீடு கேட்டு அனுப்பியிருக்கிறோம். நான் பெர்த்துக்குத் திரும்பிய பிறகும் பதில் வரவில்லை.