புதுத் தேனீக் கூட்டத்துக்குப் பாகு: பாட்டிலா, தொட்டியா, வாசல் ஜாடியா?

புதுக் கூட்டத்துக்கு எதை ஊட்டுவது என்பதைவிட எதில் வைத்து ஊட்டுவது என்பதில்தான் தேனீ வளர்ப்பவர்கள் அதிகம் சண்டை போடுகிறார்கள். அவரவருக்குப் பிடித்த பாத்திரம் ஒன்று இருக்கும், மற்றதெல்லாம் குப்பை என்பார்கள். எனக்கும் அப்படி ஒன்று உண்டு, பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கூட்டத்திடம் அடை இருக்கிறதா, இல்லையா?

அடை இல்லாவிட்டால் ராணி முட்டையிட அறை இல்லை, மகரந்தம் வைக்க இடமில்லை, பூவிலிருந்து கொண்டுவந்த மதுரத்தை, அதாவது பூந்தேனை, ஊற்றிவைக்கக் கிண்ணமும் இல்லை. எல்லாவற்றையும் மெழுகால் கட்டியாக வேண்டும். மெழுகைப் பூவிலிருந்து எடுத்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுமார் 12 முதல் 18 நாள் வயதான வேலைக்காரத் தேனீயின் வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கும் நான்கு ஜோடிச் சுரப்பிகளிலிருந்து அது செதில் செதிலாக வருகிறது. அதற்கு மூலப்பொருள் சர்க்கரை. ஜெனீவாவில் வாழ்ந்த பார்வையற்ற ஆய்வாளர் பிரான்சுவா ஹியூபர் இதைச் சோதித்துப் பார்த்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அடைத்துவைத்த தேனீக்களுக்குத் தேனோ சர்க்கரைப் பாகோ கிடைத்தபோது அவை அடை கட்டின, மகரந்தத்தையும் பழத்தையும் மட்டும் கொடுத்தபோது கட்டவில்லை. ஒரு கிலோ மெழுகுக்கு 6 முதல் 8 கிலோ தேன் செலவாகும் என்பது கைநூல்களில் வழக்கமாகக் காணும் கணக்கு. கூட்டத்தின் பலத்தையும் வெப்பத்தையும் பொறுத்து அது மாறும். ஆனால் செலவு பெரிது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

ஆகவே கூட்டம் எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். தாய்க்கூட்டிலிருந்து பிரிந்து வந்து கிளையில் தொங்கியதைப் பிடித்து வைத்தீர்கள் என்றால், அவை கிளம்பும்போதே வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்திருக்கும். அடை கட்டும் வேகத்தில் அவற்றை மிஞ்ச முடியாது. முதல் இரண்டு மூன்று நாள் எதுவும் கொடுக்காமல் விடலாம். பழைய கூட்டிலிருந்து நோய்க்கிருமி கலந்த தேனைச் சுமந்து வந்திருந்தால், அதைச் சேமிக்காமல் மெழுகாக்கிச் செலவழிக்கட்டும் என்பது ஒரு காரணம். எடை போட்டுக் கூண்டில் அனுப்பப்பட்ட கூட்டத்தின் கதை வேறு. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 8,000 தேனீக்கள் இருக்கும், கையில் சேமிப்பு எதுவும் இருக்காது. அவற்றுக்கு முதல் நாளே உணவு வேண்டும். மரச் சட்டங்களோடும் அவற்றில் கட்டிய அடையோடும் புழுக்களோடும் வந்த சிறு கூட்டம் என்றால், தேன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அவசரமில்லை.

கூண்டில் வந்த கூட்டத்துக்கு, அதாவது அடையும் சேமிப்பும் இல்லாமல் வந்ததற்கு, இன்னொரு நெருக்கடி உண்டு. முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர 21 நாள் ஆகும். ராணி முட்டையிட முதலில் அடை வேண்டும். அதுவரை பழைய தேனீக்கள் செத்துக்கொண்டே இருக்கும், புதிதாக ஒன்றுகூட வராது. மூன்று வாரத்துக்கு மேல் கூட்டம் சுருங்கிக்கொண்டேதான் போகும். சாப்பாட்டுக்கு அலையும் தேனீக்களைக் குறைத்து, வீட்டுவேலைக்கு அதிகம் பேரை விடுவதற்குத்தான் பாகு.

பாகில் என்ன போட்டி?

வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் ஒன்று, சர்க்கரை இரு பங்கும் தண்ணீர் ஒரு பங்குமாக இன்னொன்று. ஒரு கிலோ சர்க்கரையை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஏறத்தாழ 1.6 லிட்டர் நீர்த்த பாகு கிடைக்கும். அடை கட்டும் காலத்துக்கு இதுதான். பூவிலிருந்து வரும் மதுரத்தைப் போல நீர்த்து இருப்பதால் புழுக்களுக்கு ஊட்டவும் உடனே பயன்படுத்தவும் தேனீக்களுக்கு எளிது. கெட்டிப் பாகு குளிர்காலச் சேமிப்புக்கானது. அதில் இரண்டு சிக்கல்கள். சாதாரண வெப்பநிலையில் தண்ணீர் ஏற்கக்கூடிய சர்க்கரையின் எல்லையைக் கிட்டத்தட்ட அது தொட்டுவிடுகிறது, ஆறினால் அடியில் கல்கண்டாகிறது. அதைப் புழுக்களுக்குக் கொடுக்கத் தேனீக்கள் வேறு தண்ணீர் கொண்டுவந்து நீர்க்கச் செய்யவும் வேண்டும்.

சம அளவு எடையிலா, டம்ளர் அளவிலா என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் சொற்பம். தேனீக்கள் தராசு வைத்துப் பார்ப்பதில்லை.

நீர்த்த பாகின் உண்மையான குறை வேறு: சீக்கிரம் புளிக்கும், பூசணம் பிடிக்கும். வெயில் நாளில் நான்கைந்து நாளுக்கு மேல் நம்ப முடியாது. சாராய வாடை வந்தால் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைச் சுடுநீரில் கழுவ வேண்டியதுதான். சர்க்கரையைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் கொதிக்கவிடாதீர்கள். சுடுநீரை ஊற்றிக் கலக்கினால் போதும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்துக் காய்ச்சினால் நல்லது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. புளிப்பும் சூடும் சேர்ந்தால் ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபியூரல் என்ற பொருள் உருவாகிறது, தேனீக்களுக்கு அது நஞ்சு. சர்க்கரையை உடைக்கத் தேவையான நொதி தேனீயிடமே இருக்கிறது, நாம் உதவ வேண்டாம். பழுப்புச் சர்க்கரை, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு போன்றவையும் வேண்டாம். அவற்றில் இருக்கும் செரிக்காத பொருள்கள் தேனீக்களுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

அப்படியானால் தேனையே கொடுக்கலாமே என்று தோன்றும். அந்தக் கூட்டத்தின் சொந்தத் தேன், அல்லது நோயில்லை என்று நீங்கள் நிச்சயமாக அறிந்த உங்கள் இன்னொரு பெட்டியின் தேன் என்றால் அதைவிட நல்ல உணவு இல்லை. வேறு எங்கிருந்தோ வந்த தேன் என்றால் தொடவே வேண்டாம். தேனீப் புழுக்களைக் கொல்லும் அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிர்ப்போடு இருக்கும். நாம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, புழு சாப்பிட்டால் கூடே போய்விடும்.

பாத்திரங்கள்

வாசலில் செருகும் ஜாடியோடுதான் பெரும்பாலானோர் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். வசதி என்று பார்த்தால் அதற்கு நிகரில்லை. பெட்டியைத் திறக்கவே வேண்டாம், எவ்வளவு மீதி என்று தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் பாகு இருக்கும் இடம் கூட்டத்திலிருந்து தூரம். இரவு குளிர்ந்தால் சிறு கூட்டம் அடையை விட்டு வாசல்வரை வராது. பகலில் வெயில் பட்டுப் பாகு கசிந்தால் பக்கத்துப் பெட்டியின் பலமான கூட்டம் மோப்பம் பிடித்து வந்துவிடும். என்னுடைய இரண்டாவது கூட்டம் அப்படித்தான் போயிற்று. காலையில் வாசலில் ஒரே பரபரப்பு, நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மாலையில் திறந்து பார்த்தால் அடிப்பலகை முழுக்கச் செத்த தேனீக்கள். நான் பார்த்தது வளர்ச்சி அல்ல, கொள்ளை.

சட்டம் போல உள்ளே தொங்கும் தொட்டி அதற்கு நேர்மாறு. பாகு கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், வெளியே வாடை வராது. ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும். மூழ்கிச் சாவதுதான் இதன் பெரிய குறை. வலை ஏணியோ மிதக்கும் மரத்துண்டுகளோ இல்லாமல் இதை வைக்கவே கூடாது. நிரப்ப ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதும் ஒரு தொல்லை, புதுக் கூட்டத்தை அடிக்கடி தொந்தரவு செய்வது நல்லதல்ல. தொட்டி காலியாகி இரண்டு வாரம் மறந்துவிட்டால் அதற்குள்ளேயே அடை கட்டிவிடுவார்கள். ஒரு முறை பிய்த்து எடுத்த பிறகு மறக்க மாட்டீர்கள்.

கூரைக்குக் கீழே பெட்டியின் முழு அகலத்துக்கும் உட்காரும் பெரிய தட்டு எட்டுப் பத்து லிட்டர்வரை கொள்ளும். குளிருக்கு முன்னால் பெரிய கூட்டத்தை வேகமாக நிரப்ப இது அருமை. புதுக் கூட்டத்துக்கு இது தேவையில்லாத ஆடம்பரம். அவ்வளவு பாகை அவை குடித்து முடிப்பதற்குள் பாதி புளித்துவிடும்.

எனக்குப் பிடித்தது கவிழ்த்து வைக்கும் பாட்டில். மூடியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் ஏழெட்டு ஓட்டைகள், உள் மூடியின் துளைக்கு மேல் கவிழ்த்து வைத்து, சுற்றி ஒரு காலிப் பெட்டியும் மேலே கூரையும். கூட்டத்தின் தலைக்கு நேர் மேலே இருப்பதால் அவை இடத்தை விட்டு நகர வேண்டாம், வெதுவெதுப்பும் பாட்டிலுக்குக் கிடைக்கும். பாகு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தேனீக்கள் தொடமாட்டா, அதனால் குளிர்ந்த இரவுகளில் இந்த வெதுவெதுப்பு பெரிய விஷயம். ஒன்றும் மூழ்காது. காலிப் பாட்டிலை மாற்றும்போது புழுக்கள் வளரும் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பாட்டிலுக்குள் உண்டாகும் வெற்றிடம்தான் பாகைப் பிடித்து வைத்திருக்கிறது. பாதி காலியானதும் உள்ளே காற்று அதிகம், பகலில் சூடாகி அது விரிந்தால் பாகைக் கீழே தள்ளும், கூட்டத்தின் மேல் சொட்டும். நனைந்த தேனீ குளிரில் பிழைக்காது. ஆகவே ஐந்து லிட்டர் வாளியைவிட ஒரு லிட்டர் பாட்டில் மேல், அதுவும் நிழலில். பெட்டிக்கு வெளியே கவிழ்த்துப் பிடித்துச் சொட்டு நின்ற பிறகே உள்ளே வைக்க வேண்டும். மாலையில் நிரப்பி, வாசலை ஒன்றிரண்டு தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்கிவிட்டால் கொள்ளைக்கும் வழியில்லை.

வெட்டவெளியில் தொட்டி வைத்து எல்லாக் கூட்டத்துக்கும் பொதுவாக ஊட்டுவதைப் பற்றி ஒரே வரி: பலமான கூட்டம் கொழுக்கும், நோய் பரவும், உங்கள் புதுக் கூட்டம் பட்டினி கிடக்கும்.

மகரந்தம்

பாகு மெழுகைத் தரும், தேனீயைத் தராது. புழுவின் உடம்பு மகரந்தத்திலிருந்து வருகிறது. வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பின்னங்காலில் வண்ண உருண்டையோடு வருகிறார்கள் என்றால் மகரந்தத்துக்கு மாற்றான உணவுக்குச் செலவு செய்யாதீர்கள். எதுவும் வராமல், தொடர் மழையோ வறட்சியோ என்றால்தான் சோயா மாவும் ஈஸ்ட்டும் கலந்து பிசைந்த மாற்றுணவு. அதையும் சிறு துண்டாக, இரண்டு மூன்று நாளில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். மிச்சம் கிடந்தால் தேனீக் கூட்டில் புகுந்து கெடுக்கும் வண்டுக்குத்தான் விருந்து.

எப்போது நிறுத்துவது?

எல்லாச் சட்டமும் கட்டி முடிக்கும்வரை ஊட்டுங்கள் என்பது ஒரு கட்சி. பூ வந்ததும் நிறுத்துங்கள் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சிக்கு நெருக்கம், ஆனால் பூவைவிட நடுச் சட்டத்தைத்தான் பார்ப்பேன். ராணி முட்டையிட வேண்டிய நடு அறைகளில் பாகு பளபளக்கிறது என்றால், நீங்கள் ஊட்டுவதை அவை வேறு இடமில்லாமல் அங்கே வைக்கின்றன என்று பொருள். அடுத்து முட்டை குறையும், கூட்டம் பிரியவும் கிளம்பலாம். பாட்டிலை எடுத்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள், பக்கத்தில் மெழுகுத்தாள் ஒட்டிய ஒரு காலிச் சட்டத்தைச் செருகுங்கள். புது அடை நீளாவிட்டால் மீண்டும் அரை லிட்டர்.

நாம் தேன் எடுப்பதற்கான பெட்டியை மேலே ஏற்றிய நாளிலிருந்து ஒரு சொட்டுப் பாகுகூடக் கிடையாது. அவை அதையும் மேலே கொண்டுபோய் மூடி போட்டு வைக்கும், நீங்கள் வடித்தெடுப்பது தேனாக இருக்காது. பாகு நிரம்பிய சட்டங்களின் மேல்கட்டையில் நான் பென்சிலால் 'பா' என்று எழுதிவிடுவேன். அந்தச் சட்டங்கள் தேன் எடுக்கும் நாளிலும் கீழேயே கிடக்கும், கூட்டமே தின்று தீர்க்கட்டும்.