மாலை ஆறு மணிக்கு மேல் பள்ளிக்கூடம் யாருடையது?

என் மகள் முதல் இரண்டு வகுப்புகளை எங்கள் ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு தனியார் நர்சரி பிரைமரிப் பள்ளியில் படித்தாள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். 2023 ஜூனில் மாற்றினோம். மாற்றிய வாரம் தெருவில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "கடையில் ஏதாவது நஷ்டமா?" என்பதுதான். அதே கேள்வி இன்றும் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். ஒரு குழந்தை, இரண்டு பள்ளிகள், தலா இரண்டு ஆண்டுகள். என் தராசில் இருக்கும் சரக்கு இவ்வளவுதான். அது அரசுப் பள்ளிப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அங்கே கட்டணம், வேன், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 38,000 ரூபாயைத் தாண்டியது. இங்கே பாடநூல், நோட்டு, சீருடை, காலணி, வண்ணப் பென்சில் வரை அரசே கொடுத்துவிடுகிறது. கட்டடம், பெஞ்சு, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றில் தனியார் பள்ளி ஒரு படி மேல். கழிப்பறையில் இரண்டு படி என்றுகூடச் சொல்லலாம். சாப்பாட்டில் அரசுப் பள்ளி. மதியம் சத்துணவும் முட்டையும் முன்பிருந்தே உண்டு. அவள் சேர்ந்த மூன்றாவது மாதத்தில், 2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது எங்கள் ஊருக்கும் வந்தது. ஏழே கால் மணி வேனுக்காக ஐந்தரைக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்த என் மனைவிக்கு அன்று ஒரு மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைத்தது.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று இருக்கிறது: மாலை நேரம். யானையை என்ன விலை என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். தீனிக்கு என்ன ஆகும் என்று கேட்பதில்லை.

நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சார்ட் அட்டை, தெர்மோகோல், பசை, ஜிகினாத் தாள் எல்லாம் என்னிடம் உண்டு. அதனால் எந்தத் தனியார் பள்ளியில் எந்த வகுப்புக்கு எந்த வாரம் என்ன 'புராஜெக்ட்' என்பது எனக்கு அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கு முன்பே தெரியும் என்று வேடிக்கையாகச் சொல்வேன். இரவு எட்டரை மணிக்கு மேல் கடைக்கு வரும் அப்பாக்களின் முகத்தைப் பார்த்தாலே போதும். "நாளைக்கு வேண்டும். நமக்கு உதவுபவர்களாம். தபால்காரர், மருத்துவர், தீயணைப்பு வீரர்... கலரில்." நான் ஏற்கெனவே கோப்பாகச் சேமித்து வைத்திருப்பேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நல்ல வியாபாரம். பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால் என் மகளுக்கும் அதே தபால்காரர் காத்திருப்பார்.

இரண்டாம் வகுப்பில் ஒரு முறை தெர்மோகோலில் தீயணைப்பு நிலையம் செய்துவரச் சொன்னார்கள். பிளேடால் அறுத்தது நான். சிவப்பு வண்ணம் அடித்தது என் மனைவி. ஏணிக்குத் துடைப்பக் குச்சி என்று யோசனை சொன்னது மாமியார். குழந்தை கையில் கத்தரிக்கோலை வைத்தபடியே பாயில் தூங்கிப்போனாள். விரல்களிலிருந்து அதை மெல்ல உருவி எடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் அவளுக்கு ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கரும் 'எக்ஸலண்ட்' என்ற பாராட்டும் கிடைத்தன. நியாயமாக அந்த நட்சத்திரம் மாமியாருக்குச் சேர வேண்டியது.

புராஜெக்ட் மாதம் ஒரு முறைதான் என்று விட்டுவிடலாம். அன்றாடம் இருந்தது வீட்டுப்பாடம். தினம் நான்கு நோட்டு: தமிழ் இரண்டு பக்கம், ஆங்கிலம் இரண்டு பக்கம், கணக்கு, இந்தி. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டிலேயே சொன்னது. அதே ஆண்டின் இறுதியில் மத்திய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தவர் பள்ளி நிர்வாகி அல்ல. எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெற்றோர். "எழுதவில்லை என்றால் எதற்குப் பணம் கட்டுகிறோம்?" என்றார். அவர் கேட்டதிலும் தவறில்லை. பள்ளி பெற்றோருக்குத் தன் வேலையைக் காட்ட வேண்டும், நிறைந்த நோட்டுதான் அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியைத் தயாரிக்கும் கூலி மட்டும் நம் தலையில்.

அரசுப் பள்ளியில் இந்தத் தீனிச் செலவு ஏறக்குறைய இல்லை. காரணம் ஆசிரியர்களின் கருணை என்று நினைக்க வேண்டாம், முறையே அப்படி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியை நிரப்ப 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரித்தார்கள். குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பயிற்சி நூலை வகுப்பறையிலேயே, ஆசிரியர் கண்முன்னே போட்டு முடிக்கிறார்கள். நாலேகாலுக்கு வீட்டுக்கு வருபவள் பையை மூலையில் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். முதல் மாதம் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஒன்றுமே இல்லையா, டைரியை எடு" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருப்பாள். டைரியும் இல்லை.

வீட்டில் வேலை இல்லை என்றால் படிப்பும் இல்லை என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் பயந்தேன். அதைத் தெளியவைத்தது ஒரு அவமானம்.

சேர்ந்த ஜூனிலேயே டீச்சர் எல்லோருக்கும் அடிப்படை நிலை மதிப்பீடு வைத்தார். (பழைய பள்ளியில் 'மிஸ்', இங்கே 'டீச்சர்', மகளுக்கு நாக்கு பழக ஒரு மாதம் ஆயிற்று.) இரண்டாம் வகுப்பில் தமிழில் 94 மதிப்பெண் வாங்கியவளை அரும்பில் போட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்து நேரில் போனேன். டீச்சர் ஒன்றும் பேசவில்லை. அவளுடைய பழைய தமிழ்ப் புத்தகத்தை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைப் பிரித்து ஒரு பாடத்தைப் படிக்கச் சொன்னார். கணீரென்று படித்தாள். எனக்குப் பெருமை. டீச்சர் அவள் விரலைப் பார்க்கச் சொன்னார். வாய் ஐந்தாவது வரியில் இருந்தது, விரல் மூன்றாவது வரியில் நின்றது. பிறகு அவள் பார்த்திராத ஒரு கதைத் தாளைக் கொடுத்தார். முதல் சொல் 'கொக்கு'. "கொ... க்..." என்று இழுத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இரண்டு ஆண்டுகளாக நாங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை அதுதான். பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்தோம், எழுத்தைப் பார்த்து எழுத வைத்தோம். எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுக்க எனக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. தெரிந்தவர் பகலில் செய்ய வேண்டியதைத் தெரியாதவர்கள் இரவில் செய்தால் 94 வரும், கொக்கு வராது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்காகப் போன ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை, இருபத்தாறு குழந்தைகள். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பாடிவிட்டு மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள். டீச்சர் அரும்புக் கூட்டத்தோடு மின்னட்டைகளை (ஃபிளாஷ் கார்டு) வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மொட்டுகள் பயிற்சி நூலில் எழுதினார்கள். மலர்கள் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரைச்சல் சந்தைக் கடை போலத்தான் இருந்தது. பழைய பள்ளியில் வராந்தாவில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த அமைதியைத்தான் நான் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுக்குள் மகள் மொட்டுக்கு வந்தாள். மூன்றாம் பருவத்தில் மலர். கடையில் கழித்துப்போட்ட திருமண அழைப்பிதழ்களை எடுத்து "இன்னார் மகன் வழிப் பேரன்" என்று வாசிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் வேறுபாடு இதே கோட்டில்தான் ஓடுகிறது. ஜூனில் தனியார் பள்ளி பதினான்கு நோட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டி அனுப்பச் சொல்லும். இங்கே பருவத்துக்கு ஒரு முறை மெல்லிய புத்தகங்கள், செப்டம்பரோடு முதல் பருவத்தை மறந்துவிடலாம். அங்கே மாதத் தேர்வு, அதற்கு முன் திருப்புதல் தேர்வு. இங்கே ஒவ்வொரு பருவத்திலும் வகுப்பில் அவ்வப்போது செய்யும் வேலைக்கு (வளரறி மதிப்பீடு) நாற்பது மதிப்பெண், பருவக் கடைசித் தேர்வுக்கு (தொகுத்தறி மதிப்பீடு) அறுபது. நவம்பரில் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் மழை விடுமுறை வராத ஆண்டு கிடையாது. ஆட்சியர் அறிவித்த பத்தாவது நிமிடம் பழைய பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைய எழுத்து வேலை வந்து விழும். இப்போதெல்லாம் மழை விடுமுறை என்றால் மழை, விடுமுறை, அவ்வளவுதான்.

ஆண்டு விழாவில் தனியார் பள்ளிக்குத்தான் கைதட்ட வேண்டும். மேடை, விளக்கு, ஒத்திகை எல்லாம் கச்சிதம். உடை வாடகை 600 ரூபாய் கொடுத்தோம், மகள் நான்காவது வரிசையில் ஆடினாள். வீடியோவில் அவளைத் தேட வேண்டும். 2024-25-இல் அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவை ஒன்றாம் வகுப்பிலிருந்தே நடத்தினார்கள். அவள் கதை சொல்லும் போட்டியில் சேர்ந்து, பள்ளி அளவில் வென்று, அடுத்த கட்டத்தில் தோற்றுத் திரும்பினாள். நான்காம் வகுப்பில் 'ஊஞ்சல்' என்ற சிறுவர் இதழ் வருகிறது. வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்களும் உண்டு. நுழை, நட, ஓடு, பற என்று அவற்றுக்கு யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்கே ஒரு நட்சத்திரம் ஒட்டலாம். இரண்டையும் படித்துவிட்டுப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வருகிறாள்.

இனி குறைகள். பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்கோ, அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கோ போய்விட்டால் அன்று ஐந்தும் ஒரே அறையில்தான், படிப்பு அவ்வளவுதான். மதிப்பீட்டைக் கைபேசியில் ஏற்றும் வேலை டீச்சரின் நேரத்தைத் தின்கிறது. இணையம் சுற்றிக்கொண்டே இருக்க, அவர் வேப்பமரத்தடியில் போனை உயரப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறையைப் பற்றி மேலாண்மைக் குழுவில் மூன்று முறை தீர்மானம் போட்டோம். மூன்றாவது முறைக்குப் பிறகு கதவு வந்தது, தாழ்ப்பாள் வரவில்லை.

ஆங்கிலம் பற்றி நான் உறுதியாக எதுவும் பேச மாட்டேன். பழைய பள்ளியில் "மே ஐ கம் இன், மிஸ்" என்று தயங்காமல் சொல்வாள். இப்போது அந்தச் சரளம் குறைந்திருக்கிறது. ஆனால் பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டி ஆங்கிலத்திலும் படிக்கிறாள். எது பின்னால் உதவும் என்பதற்கு நான்காம் வகுப்பு முடித்த குழந்தையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொன்று, இந்த டீச்சருக்கு நாளை மாறுதல் வந்தால் இதே கட்டுரையை இப்படியே எழுதுவேனா என்பதும் சந்தேகம்தான். தனியார் பள்ளியில் ஆசிரியர் ஆண்டுக்கு ஒருவர் மாறினாலும் பள்ளி அதே சுருதியில் ஓடும். சின்னப் பள்ளியில் ஒருவர் போனால் பாதிப் பள்ளி போய்விடும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் மொத்தமே ஒன்பது குழந்தைகள். அங்கே இருந்திருந்தால் மாற்றியிருக்க மாட்டேன்.

வீட்டில் மாலை ஐந்து மணிக்கே ஒருவர் இருந்து, அவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்து, பொறுமையும் இருந்தால் தனியார் பள்ளியின் பயிற்சி வீணாகாது. என் மைத்துனர் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது; அவர் மனைவி முன்பு ஆசிரியையாக இருந்தவர். கடை, வயல், தையல், ஷிஃப்ட் வேலை என்று இருப்பவர்கள் மட்டும் சேர்ப்பதற்கு முன் ஒரு வாரம் இரவு எட்டரை மணிக்கு என் கடை வாசலில் வந்து நின்று பார்க்கலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. மகனுக்கு நான்கு வயது. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் எல்.கே.ஜி. கிடையாது. அங்கன்வாடிக்கு அனுப்பலாம் என்றேன், மாமியார் ஒப்பவில்லை. எனவே அவன் அக்காவின் பழைய பள்ளிக்கே அதே வேனில் போகிறான். நாளை அவன் வகுப்பில் 'மஞ்சள் நாள்'. மஞ்சள் சட்டை, மஞ்சள் பழம், மஞ்சளில் ஒரு பொம்மை. பழமும் பொம்மையும் இருக்கின்றன. சட்டைக்காக இன்று கடையை எட்டு மணிக்கே சாத்த வேண்டும்.