கால்சியம் ஸ்கோர் ஸ்கேன்: படத்தில் குறையில்லை, ரிப்போர்ட்டில்தான் குறை

இதயத் தமனிகளில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் சி.டி. ஸ்கேனைப் பெரிய மருத்துவமனைகள் மட்டுமின்றித் தனியார் ஸ்கேன் மையங்களும் இப்போது ‘ஹார்ட் பேக்கேஜ்’ என்ற பெயரில் விற்கின்றன. கோவையில் உள்ள அத்தகைய மையம் ஒன்றில் என் 54ஆம் வயதில் இந்தச் சோதனையைச் செய்துகொண்டேன். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ எனக்கு இல்லை. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்ததாலும், என் கொலஸ்ட்ரால் அளவைப் பார்த்த குடும்ப மருத்துவர் மாத்திரையை இப்போதே தொடங்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று முடிவுக்கு வர முடியாமல் இருந்ததாலும் அவரே எழுதிக் கொடுத்த சோதனை இது. இப்படி இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும்.

ஸ்கேன் எடுத்த விதத்தில் எனக்கு முழுத் திருப்தி. அன்று காலை காபி குடிக்க வேண்டாம் என்று முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்; நாடித்துடிப்பு கூடினால் படம் கலங்கிவிடும் என்ற காரணத்தையும் விளக்கினார்கள். சாய ஊசி எதுவும் போடவில்லை. மார்பில் ஈ.சி.ஜி. பட்டைகளை ஒட்டி, இதயம் தளர்ந்திருக்கும் கணத்தில் மட்டும் படம் பதியும்படி அமைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிச் சில நொடிகளில் முடித்தார்கள். உடை மாற்றிக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் கால் மணி நேர வேலைதான். கதிர்வீச்சின் அளவைக் கேட்டபோது டெக்னீஷியன் மழுப்பாமல், சுமார் 1 மில்லிசீவர்ட் என்று சொன்னார். சாதாரண மார்பு எக்ஸ்ரேயைப் போலப் பத்து மடங்கு என்றாலும், ஓராண்டில் இயற்கையாகவே நம் மீது படுவதில் பாதிக்கும் குறைவு. தனியாக எடுத்தால் ஏறத்தாழ 3,000 ரூபாய். ரத்தப் பரிசோதனைகளோடு சேர்ந்த பேக்கேஜ் அதைப் போல இரு மடங்கு. அந்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றைச் சில மாதங்களுக்கு முன்புதான் செய்திருந்தேன் என்று சொன்ன பிறகும் முகப்பில் இருந்தவர் பேக்கேஜையே வலியுறுத்தியது சலிப்பூட்டியது.

குறை தொடங்குவது ரிப்போர்ட்டில். அதைச் சொல்லுமுன், கால்சியம் ஸ்கோர் என்ற எண் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ஆர்தர் அகாட்ஸ்டன், வாரன் ஜனோவிட்ஸ் உள்ளிட்ட அமெரிக்க மருத்துவர்கள் 1990இல் வெளியிட்ட முறை இது. படத்தில் 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு (சி.டி. படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் அளவு) மேல் வெளுத்துத் தெரியும் ஒவ்வொரு புள்ளியின் பரப்பையும் அளந்து, அதன் அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரை உள்ள ஓர் எண்ணால் பெருக்கி, தமனிகள் அனைத்திலும் கிடைத்ததைக் கூட்டினால் வருவதுதான் ஸ்கோர். எனக்கு 112. ரிப்போர்ட்டில் அதற்குப் பக்கத்தில் மஞ்சள் கட்டம் ஒன்றில் ‘மிதமான படிவு’ என்று அச்சிட்டிருந்தார்கள். 101 முதல் 400 வரை எல்லோருக்கும் அதே கட்டம்தான்.

வயதைச் சேர்க்காமல் இந்த எண்ணைப் படிக்கவே கூடாது. 80 வயது ஆணுக்கு 112 வந்தால், அவர் வயதொத்தவர்களில் பாதிப் பேரைவிடக் குறைவாகவே அவருக்குப் படிந்திருக்கிறது என்று பொருள். 54 வயதில் அதே எண் வந்தால், அவ்வயதினரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரையாவது தாண்டிவிட்டார் என்று பொருள். இந்த ஒப்பீட்டைத் தரும் கணிப்பான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2000இல் அமெரிக்காவில் 6,814 பேரைக் கொண்டு தொடங்கிய ‘மெசா’ ஆய்வின் தரவிலிருந்து உருவானது அது. அதில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீனர் என்று நான்கு இனங்களே உண்டு, இந்தியர் இல்லை. ஆனால் அமெரிக்காவில் வாழும் தெற்காசியரை ஆராய்ந்த ‘மசாலா’ ஆய்வு, நம் ஆண்களின் படிவு வெள்ளையர் ஆண்களின் அளவை ஒட்டியே இருப்பதாகக் காட்டியிருப்பதால், கணிப்பானில் வெள்ளையர் என்பதைத் தேர்ந்து பார்த்தால் ஓரளவு சரியான விடை கிடைக்கும். இதைச் செய்து ஒரு வரி சேர்க்க ரேடியாலஜிஸ்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு வரி இல்லாததால், ‘மிதமானதுதானே’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகும் ஐம்பது வயதுக்காரர்களும், வீணாகக் கலங்கும் எண்பது வயதுக்காரர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

பாராட்ட ஒன்று உண்டு. பெருந்தமனி வால்வில் படிவு இல்லை என்றும், படத்தில் தெரிந்த அளவுக்கு நுரையீரல் சரியாக இருக்கிறது என்றும் தனியே எழுதியிருந்தார்கள். வால்வில் சேரும் கால்சியம் இந்த ஸ்கோரில் வராது; ஆனால் அது கூடிக்கொண்டே போனால் வால்வு இறுகி, இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழி குறுகி, மயக்கமும் இதயச் செயலிழப்பும் வரலாம் என்பதால் அந்த வரி முக்கியம்.

ரிப்போர்ட் வாங்கும் இடத்தில் நடந்தவைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் இதே ஸ்கேனை எடுத்து எண் ஏறுகிறதா என்று பார்க்கலாம், இப்போதே பதிவு செய்தால் தள்ளுபடி என்றார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது குழப்பத்தையே தரும். அந்த மாத்திரை, தமனிச் சுவரில் உள்ள மென்மையான கொழுப்புப் படிவை இறுகச் செய்கிறது. இறுகிய படிவு வெடித்து ரத்தம் உறையும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் அடர்த்தி கூடுவதால் ஸ்கோர் ஏறிவிடுகிறது. மருந்து வேலை செய்வதையே நோய் முற்றுவதாக எண்ணி மாத்திரையை நிறுத்துவதற்கு இதைவிட நல்ல வழி இருக்க முடியாது.

அதே மேசையில், தமனியில் உள்ள கால்சியத்தை ‘எலும்புக்கே திருப்பி அனுப்பும்’ வைட்டமின் கே2 மாத்திரைக்கான துண்டுத்தாளும் இருந்தது. டென்மார்க்கில் 365 ஆண்களில் பாதிப் பேருக்கு இதை வைட்டமின் டியுடன் சேர்த்து இரண்டாண்டு கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், வால்வில் கால்சியம் சேரும் வேகம் குறையவில்லை. வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். எனக்கு முன்னால் நின்றிருந்த பெரியவர் கேழ்வரகுக் கூழை நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்கும் அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. உணவில் உள்ள கால்சியம் நேரே போய்த் தமனியில் ஒட்டிக்கொள்வதில்லை. கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து புண்ணாக்கிய சுவரில், தசைச் செல்கள் எலும்புச் செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்குவதால் உண்டாகும் படிவு அது. புகை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவைதான் அதை விரைவுபடுத்துகின்றன.

சோதனைக்கு ஐந்துக்கு நான்கும், மையத்துக்கு இரண்டரையும் தருவேன். நாற்பதைத் தாண்டி, அறிகுறி எதுவுமின்றி, மாத்திரை தொடங்குவதில் ஐயம் இருப்பவர்கள் மருத்துவரின் சீட்டோடு போகலாம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் இதனால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருப்பவர்கள் ஸ்கேன் மையத்துக்கே போகாமல் ஈ.சி.ஜி. எடுக்கும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பூஜ்யம் வந்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆபத்து மிகக் குறைவு என்பது உண்மைதான் என்றாலும், கால்சியம் ஏறாத மென்மையான படிவு இந்த ஸ்கேனில் தெரியாது. புகைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அதை விடுதலைப் பத்திரமாகக் கொள்ளக் கூடாது.

என் மருத்துவர் 112ஐயும் வயதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஸ்டாட்டினைத் தொடங்கினார். அவர் கேட்டது மஞ்சள் கட்டம் போட்ட தாளை அல்ல, மூலப் படங்களை. அவை அடங்கிய குறுந்தகட்டை மையத்தில் கேட்டால்தான் தருகிறார்கள், தனிக் கட்டணம் இல்லை. கிளம்புமுன் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.