பூனை எண்ண வாங்கிய கேமரா

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் உள்ள எங்கள் அடுக்குமாடியில் பூனைச் சண்டை. பூனைகளுக்குள் இல்லை, மனிதர்களுக்குள். "குறைந்தது நாற்பது பூனை இருக்கும்" என்றார் சங்கச் செயலாளர். சோறு வைக்கும் மூன்றாம் மாடி மாமியோ, "பத்துகூடத் தேறாது சார்" என்றார். சரி, எண்ணியே பார்த்துவிடலாம் என்று காட்டில் மரத்தில் கட்டுகிற வகைத் தானியங்கி கேமரா ஒன்றை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடில் 6,800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

எட்டு பென்சில் செல் போட்டால் மூன்று வாரம் ஓடுகிறது. மழை தாங்குகிறது. பகல் படம் பளிச். ஆனால் சூடும் அசைவும் சேர்ந்தால் கிளிக் ஆகும் சாதனம் என்பதால், வெயிலில் ஆடிய தென்னை ஓலையை ஒரே நாளில் 412 படம் எடுத்துத் தள்ளியது. இரவில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொள்வதால் பல படங்களில் வால் மட்டும்!

முதலில் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் கட்டியது என் தப்பு. சாப்பிட வரும் அதே ஆறு பூனைகள் திரும்பத் திரும்ப வந்தன. பழைய முகம் கூடினால், நான் போடப்போகும் கணக்கில் மொத்தம் குறைவாக வந்துவிடும். அப்புறம் சுவர் சந்துக்கு மாற்றினேன். முதல் வாரம் 9 பூனைகள். அடுத்த வாரம் 8, அதில் 4 பழையவை. இரண்டாம் முறை சிக்கியதில் பாதிதான் தெரிந்த முகம் என்றால், முதல் 9-உம் மொத்தத்தில் ஏறக்குறைய பாதிதானே? ஆக 18. அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிரடெரிக் லிங்கன் 1930இல் வளையம் மாட்டிய வாத்துகளை வைத்துப் போட்ட கணக்கு இது. 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் விலங்கியலாளர் உல்லாஸ் கரந்த் உடல் வரிகளைப் பார்த்துப் புலிகளை எண்ணியதற்கும் இதுதான் அடிப்படை.

அங்கே பாதையின் இரு பக்கமும் ஜோடியாகக் கேமரா வைப்பார்கள். புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. நான் ஒன்றோடு நிறுத்தியதால் ஒரே வரிப்பூனையை இரண்டாக எழுதியிருந்தேன். மாமிதான் கண்டுபிடித்துத் திருத்தினார். முழுக் கறுப்புப் பூனைகளைப் பிரித்தறிய, கருத்தடையின்போது நறுக்கிய காது நுனிதான் துணை.

கேமராவுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன். செயலாளர் 18ஐ ஒப்புக்கொள்ளவில்லை. "ஜெனரேட்டர் பக்கம் நீங்கள் பார்க்கவே இல்லையே?" என்றார். நியாயம்தான். அந்தப் பக்கத்துக்கு ஒரு ஜோடி வாங்கச் சங்கப் பணம் தருவாரா என்று கேட்டிருக்கிறேன்.