கிரில் வந்தாச்சு, கூட என்ன வாங்குவது?

கரி கிரில்லோ, இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் ஸ்மோக்கரோ வாங்கினால் போதும், அதற்கு வேண்டிய துணைச் சாமான்கள் என்று ஒரு நீளப் பட்டியலை நீட்டுவார்கள். பெட்டி நிறைய கருவிகள், பர்கர் அழுத்தி, புகைப்பெட்டி, எழுத்துப் பொறித்த கரண்டி என்று அது முடியவே முடியாது. பலவற்றையும் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நெருப்பு மூட்ட ஒரு சிம்னி, வெப்பம் அளக்க ஒரு நல்ல தெர்மாமீட்டர். இருக்கிற காசை முதலில் இந்த இரண்டில் போடுங்கள். மற்றவை மெதுவாக வரட்டும்.

சிம்னி ஸ்டார்ட்டர் என்பது கைப்பிடி வைத்த தகர உருளை, அவ்வளவுதான். மேலே கரியை நிரப்பி, அடியில் செய்தித்தாளைக் கசக்கி வைத்துக் கொளுத்தினால், சூடான காற்று மேலே ஏற ஏற கீழேயிருந்து புதுக் காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். 15 முதல் 20 நிமிடத்தில், மேலே இருக்கும் கரியின் ஓரங்களிலும் வெள்ளையாக நீறு பூத்துவிடும். அப்போது கொட்டலாம். விசிற வேண்டாம், ஊத வேண்டாம். முக்கியமாக, பற்றவைக்கும் திரவம் வேண்டாம். மூடி போட்டு மணிக்கணக்கில் புகையில் வேகவைக்கும்போது, அந்தத் திரவம் சரியாக எரிந்து போகாமல் இருந்தால் அதன் வாடை சாப்பாட்டில் இறங்கிவிடும். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பித் தட்டு கூம்பு வடிவில் இருந்தால் அடியில் தாள் எரிய இடம் கிடைக்கும். பக்கவாட்டுக் கைப்பிடியோடு, தூக்கிப் பிடிக்க வளைகம்பி ஒன்றும் இருந்தால் தணலை நினைத்த இடத்தில் நிதானமாகக் கொட்டலாம். அளவில் கஞ்சம் பார்க்காதீர்கள். 22 அங்குல கிரில்லுக்குச் சின்ன சிம்னி போதாது. பெரிய சிம்னியில் குறைவாகவும் மூட்டிக்கொள்ளலாம். புகையூட்டும்போது அதுதான் வேண்டும். பற்றாத கரியைப் பரப்பி, அதன்மேல் பத்துப் பன்னிரண்டு கங்குகளை மட்டும் வைத்தால் நெருப்பு மெல்ல மெல்லப் பரவும். சூடும் பல மணி நேரம் ஒரே சீராக நிற்கும்.

அடுத்து தெர்மாமீட்டர். மூடியில் பதித்து வரும் டயலை நம்பிச் சமைக்காதீர்கள். அது காட்டுவது மூடிக்கு அடியில் இருக்கும் சூட்டை. இறைச்சி கிடப்பதோ கீழே கம்பி வலையில். இரண்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் வரும். நான் பரிந்துரைப்பது, வயரோடு வரும் சூடு அளக்கும் முனை இரண்டு உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஒரு முனையைக் கிளிப் போட்டு வலைமேல், இறைச்சியை ஒட்டாமல் இரண்டங்குலம் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் இறைச்சியின் குளிர்ச்சியால் சூடு குறைவாகக் காட்டும். இன்னொன்றை இறைச்சியின் நடுப்பகுதி வரை செருகுங்கள். வயர் தணலுக்கு நேர் மேலே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பொசுங்கிவிடும். புதிதாக வாங்கியதும் நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் முனையை விட்டுப் பாருங்கள். 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், பெரிய துண்டு இறைச்சி 65லிருந்து 75 டிகிரிக்குள் எங்காவது ஓரிடத்தில் வந்து அப்படியே நின்றுவிடும். மணிக்கணக்கில் ஏறாது. மேல்பரப்பு ஈரம் ஆவியாகி, உள்ளே போகும் சூட்டை ஈடுகட்டிவிடுகிறது. வலையில் இருக்கும் முனை அப்போதும் 110, 120 என்று காட்டிக்கொண்டிருந்தால் நெருப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நிம்மதியாகக் காத்திருக்கலாம். அது இல்லாவிட்டால் நெருப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து காற்றுத் துவாரத்தைத் திறந்துவிடத் தோன்றும். கோழி விஷயத்தில் இது ருசி மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. தடித்த பகுதியின் உள்ளே 74 டிகிரி வந்தாக வேண்டும். நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கையுறைக்கு வெல்டிங் செய்பவர்கள் போடும் தோல் கையுறையே நன்றாக இருக்கிறது, முழங்கை வரை மறைக்கும். நனைந்த கையுறையோடு மட்டும் சூடான எதையும் தொடாதீர்கள். ஈரம் வழியாகச் சூடு சட்டென்று கைக்கு வந்துவிடும். இடுக்கி 16 அங்குலத்துக்குக் குறையாமல், பூட்டு வைத்ததாக ஒன்று போதும்.

வலையைச் சுத்தம் செய்யக் கம்பி முள் வைத்த பிரஷ் வேண்டவே வேண்டாம். முள் உதிர்ந்து வலையில் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டோடு உள்ளே போய், குடலைக் குத்திச் சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012லேயே இதைப் பற்றி எச்சரித்தது. வலை சூடாக இருக்கும்போது அலுமினியத் தாளைப் பந்தாகச் சுருட்டி, இடுக்கியால் பிடித்துத் தேய்த்தால் போதும். மரச் சுரண்டியும் நல்லதுதான்.

புகைக்கு மரச்சீவல் வாங்காமல் கட்டையாக வாங்குங்கள். சீவல் சீக்கிரம் எரிந்துபோகும். கட்டையை ஊறவைக்கச் சொல்வார்கள். தண்ணீர் உள்ளே பெரிதாக இறங்குவதில்லை, அதனால் அந்த வேலையே வேண்டாம். கெட்டியான வெள்ளைப் புகை அடங்கி மெல்லிய நீலப் புகை வந்த பிறகு இறைச்சியை வையுங்கள்.

அப்புறம், பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று, மூடி போட்ட உலோக வாளி. சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினால் தீப்பிடிக்கும். இந்த வாளியைக் கிரில்லோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இதற்குமேல் காசு மிஞ்சினால் பக்கவாட்டில் வைக்கும் கரிக்கூடை இரண்டு வாங்கலாம். தணலை ஒரு பக்கமாக ஒதுக்குவது சுலபம். நான் அடுத்து வாங்கப்போவதும் அதுதான்.